சிறுநீரகமும் என்பும்

உடம்பை வீட்டிற்கு ஒப்பிடுதல் நம் முன்னோர்க்குப் பழகிய வழக்கு. அவ்வீட்டில் என்பே தூண் என்பர். அவ்வொப்புமையைக் கேட்டுப் பழகிய நாம், என்பை ஒருமுறை நாட்டியபின் அசையாது நிற்கும் கல்தூணாகவே எண்ணிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. என்பு உயிருள்ளது; நாள்தோறும் சிறிது இடிக்கப்பட்டு, நாள்தோறும் சிறிது கட்டப்படுவது. இடிப்பதற்கு ஒருவகை உயிரணுக்களும் கட்டுவதற்கு வேறொருவகை உயிரணுக்களும் உள. இத்திருப்பணி ஒழுங்காக நடைபெறத் துணைநிற்கும் உறுப்புகளுள் ஒன்று சிறுநீரகம். அது செயலிழப்பின் திருப்பணி என்னாகும் என்பதே இக்கட்டுரையிற் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

விழா மலரொன்றில் நோயைப் பற்றிய கட்டுரை எற்றுக்கு என வாசகர் வினவலாம். நம் மாவட்டத்தின் நிலப்படத்தை நோக்கின் விடை கிடைக்கும். மாத்தளை நகரையும் இறத்தோட்டையையும் சூழ்ந்த பகுதி மலைப்பாங்கானது. வடக்கே தம்புள்ளையை நோக்கிச் செல்லச் செல்ல உலர்வலயம் தொடங்குகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, வஸ்கமுவ வனத்தை அடுத்து, வில்கமுவ என்னும் விவசாயப் பிரதேசம் உளது. 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்திற் கண்டறியப்பட்ட, காரணம் தெளியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்த இடங்களின் வரிசையில் வில்கமுவையின் பெயரும் சேர்ந்துள்ளது. கிணற்று நீரின் வன்மை, அதிற் கலந்த புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைக்குங்கால் உண்டாகும் நீரிழப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. இதுவே காரணம் என்ற முடிவு இன்னும் எய்தப்படவில்லை. மலைப்பகுதியில் வாழும் நம்மவரையோ நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அதே வாயிலுக்கு இட்டுச் செல்கின்றன. ஆகவே, குருதிச் சுத்திகரிப்புப் பொறியின் துணையால் உயிர்வாழ்வோர் நம் மாணவரின் பெற்றோராகவும் நம் பழைய மாணவராகவும் இருத்தல் கூடும். அவர்களுக்கு வரும் இடர்களுட் பலரும் அறியாதது, என்பு எளிதில் முறிதலாம்.

சிறுநீரகத்தின் தொழில் கழிவை வெளியேற்றுதல் என்று பாடசாலையிற் கற்றோம். அதன் தொழில் அவ்வளவில் முடிவதன்று. சூரிய ஒளியால் நம் தோலில் உண்டாகும் விற்றமின் டி உடனே பயன்படுவதில்லை. அது முதலில் ஈரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றே ஆற்றலுள்ள வடிவை அடைகின்றது. இம்மாற்றம் சிறுநீரகத்தில் நிகழ்வதை 1970இல் கேம்பிரிட்ஜில் பிரேசர், கோடிசெக் என்னும் அறிஞர் இருவர் நிறுவினர். அவ்வடிவம் இல்லையேல், உண்ட கல்சியம் குடலினின்றும் குருதியிற் போதிய அளவு சேராது. இரண்டாவதாக, உணவில் மிகுதியாக வரும் பொஸ்பரசைச் சிறுநீருடன் வெளியேற்றுவதும் சிறுநீரகமே. மூன்றாவதாக, குருதியில் அமிலம் மிகாமற் காப்பதும் அதுவே. அமிலம் மிகின் என்பிலுள்ள சுண்ணம் அதனைத் தணிக்கும் பொருட்டுக் கரைகின்றது.

இம்மூன்றும் ஒருங்கே தவறினால் குருதியிற் கல்சியம் குறையும், பொஸ்பரசு கூடும். இதனை நம் கழுத்தில் தைரொயிட் சுரப்பியின் பின்புறத்தே, அரிசிமணிகளைப் போன்று அமைந்த நான்கு சிறு சுரப்பிகள் உடனே உணர்கின்றன. இவை பராதைரொயிட் சுரப்பிகள். மனித உடலில் இவற்றை 1880இல் விளக்கியவர் சுவீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவ மாணவராயிருந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்பவர். நம் உடலிலுள்ள கல்சியத்தில் 100க்கு 99 பங்கு என்பிலும் பல்லிலுமே சேமிக்கப்பட்டுள்ளது. குருதியிற் கல்சியம் குறையுங்கால் இச்சுரப்பிகள் தம் ஓமோனைச் சுரந்து அக்களஞ்சியத்தைத் திறக்கின்றன. இதயமும் தசையும் இயங்கக் குருதியிற் கல்சியம் இன்றியமையாதது. எனவே இஃது உயிர்காக்கும் ஏற்பாடேயாம். ஆயின் ஒருநாள் இருநாளன்றி ஆண்டுக்கணக்கில் களஞ்சியம் திறந்தே கிடப்பின் என்னாகும்? கட்டுவதினும் இடிப்பது விரையும். என்பு உட்புறம் நைந்துபோம்.

இனி, இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மருந்தாலோ நீரிழிவாலோ முதுமையாலோ அச்சுரப்பிகள் அளவுக்கு மேல் அடங்கிவிடின், இடிப்பும் இல்லை, கட்டுதலும் இல்லை, என்பு உறங்கிவிடுகின்றது. நாளாந்த நடையில் என்பிலே தோன்றும் நுண்ணிய கீறல்களைச் செப்பனிடுவார் இல்லாமையால் அவ்வென்பும் முறிகின்றது. ஒன்று மிகுதியால் வரும் கேடு. மற்றது குறைவால் வரும் கேடு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இக்குழப்பங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயரும் வரையறையும் 2006ஆம் ஆண்டிலேயே உலகச் சிறுநீரக வல்லுநரால் வகுக்கப்பட்டன.

இவ்விடத்திற் பொறியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். 1943இல், போர்க்காலத்து நெதர்லாந்தில், காம்ப்பன் நகர வைத்தியர் வில்லம் கொல்ஃப், செலோபேன் குழாயை உருளையொன்றிற் சுற்றி முதற் சுத்திகரிப்புப் பொறியைச் செய்தார். அதனால் உயிர்மீண்ட முதல் நோயாளியை அவர் 1945இற் கண்டார். ஆயினும் ஒருவருக்கு மீண்டும் மீண்டும் சிகிச்சை செய்ய வழியிருக்கவில்லை. அவ்வழியை 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கண்டார். நாளத்திலும் நாடியிலும் நிலையாகப் பொருத்திய தெப்லோன் குழாயினால் அவருடைய முதல் நோயாளி பதினோராண்டு வாழ்ந்தார். நோயாளர் நெடிது வாழத் தொடங்கிய பின்னரே என்பு நோய் பெரிதாய் வெளிப்பட்டது.

1970ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் விந்தையொன்று காணப்பட்டது. அங்கே சுத்திகரிப்புப் பெற்றோர்க்கு என்பு மென்மையுற்று முறிதல் மிகுதியாயிருந்தது. வேறு சில நகரங்களிலோ அவ்வாறில்லை. வைத்தியர் நோயாளரை மட்டுமன்றி நீரையும் ஆராய்ந்தனர். நகர நீரைத் தெளியவைப்பதற்கு இடும் படிகார இனத்து அலுமினிய உப்பின் மிச்சமே காரணமாகலாம் என்று 1978இல் வெளியிட்டனர். அதே நீரைப் பருகியோர்க்குக் கேடு வராதது ஏன்? பருகும் நீரிலுள்ள அலுமினியத்திற் பெரும்பகுதியைக் குடல் ஏற்பதில்லை; ஏற்ற சிறுபகுதியையும் நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பொறியிலோ மெல்லிய சவ்வொன்றே குருதிக்கும் நீருக்கும் இடையில் நிற்கின்றது. நிமிடத்திற்கு அரை லீற்றராக நான்கு மணி நேரத்தில் 120 லீற்றர் நீர் ஒருவர் குருதியை அடுத்துச் செல்கின்றது. வாரம் மும்முறையாயின் 360 லீற்றர்! நீர் தூய்மையாக்கப்பட்டதும் அந்நோய் அருகிற்று. இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைத் தூயதாக்கும் பொறியும் சிகிச்சைப் பொறியைப் போன்றே இன்றியமையாததாயிருப்பது இவ்வனுபவத்தின் பயனே.

நம் நாட்டு உலர்வலயத்தார்க்கு இச்செய்தியில் தனிப் பொருள் உண்டு. புளோரைட்டையும் உடலினின்று வெளியேற்றுவது சிறுநீரகமே. அது நலியின் புளோரைட்டு என்பிலே தங்கும். அளவு மிகின் என்பு அடர்த்தியுடையதாய்த் தோன்றினும் நொறுங்குந் தன்மை அடையும். ஆதலின் தூய குடிநீர், நோய் வருமுன் காப்பதற்கு மட்டுமன்றி, வந்தபின் என்பைக் காப்பதற்கும் உரியது.

இடரின் அளவு யாது? 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, சுத்திகரிப்புப் பெறுவோர்க்கு இடுப்பெலும்பு முறிதல் ஏனையோரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டது. இடுப்பு முறிந்த இந்நோயாளருட் பெருந்தொகையினர் ஓராண்டு நிறையுமுன் உயிர் நீத்தனர் எனவும் ஆய்வுகள் கூறும். என்பு நைந்திருத்தல் ஒரு காரணம், விழுதல் மற்றொன்று. சிகிச்சை முடிந்து எழுங்காற் குருதியமுக்கம் தாழ்ந்து தலை சுற்றும், தசைகளும் மெலிந்திருக்கும். அந்நிலையில் நெடுந்தூரம் பஸ்ஸிற் பயணஞ்செய்து, இருட்டில் ஒற்றையடிப் பாதையில் வீடு சேர்வார் உளர்.

இனிச் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, என்பு நோகின்றதென்று கல்சிய வில்லையைத் தாமே வாங்கி விழுங்குதல் ஆகாது. இரு நிலைகளுள் யாது நேர்ந்துள்ளதென அறியாமற் கல்சியத்தைப் பெருக்கின், அது என்பிற் சேராது நாடிச் சுவர்களிலும் இதயத்திலும் படியும். வைத்தியர் கல்சியம், பொஸ்பரசு, பராதைரொயிட் ஓமோன் ஆகியவற்றைக் காலந்தோறும் அளந்தே மருந்தைத் தீர்மானிப்பர். ஏனையோர்க்கு என்புத் தேய்வு நீங்கப் போடும் டெனோசுமாப் என்னும் ஊசி, சுத்திகரிப்புப் பெறுவோரிற் கல்சியத்தை உயிருக்கு ஆபத்தாகும் அளவு தாழ்த்தக்கூடுமென 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிருவாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. ஒருவர்க்கு மருந்தாவது மற்றவர்க்கு நஞ்சாதல் இதனால் விளங்கும்.

இரண்டாவது, பொஸ்பரசைப் பிணிக்கும் வில்லைகளை உணவோடு சேர்த்தே உட்கொள்ளல் வேண்டும். உணவிலுள்ள பொஸ்பரசைக் குடலிலேயே பற்றிக்கொள்வது அவற்றின் தொழில். வெறுவயிற்றில் உண்பின் பற்றுதற்கு அங்கு யாதும் இல்லை. மூன்றாவது உணவு. கருவாடு, நெத்தலி, பால்மா, பாலாடைக்கட்டி ஆகியவற்றிற் பொஸ்பரசு மிகுதி. பருப்பிலும் அது உண்டெனினும், அதிற் பாதிக்கும் குறைவே உடலிற் சேரும். தகரத்தில் அடைத்த இறைச்சி, கோலா பானம் முதலியவற்றில் உப்பாகச் சேர்க்கப்படுவதோ பெரும்பாலும் முழுவதும் சேர்ந்துவிடும். ஆயினும் அஞ்சி உணவை ஒறுத்தல் தவறு. புரதம் குறையின் தசை மெலியும், தசை மெலியின் வீழ்ச்சி வரும். அளவை வைத்தியரிடம் கேட்டறிக. நான்காவது, குறித்த நாளிற் சிகிச்சையைத் தவறவிடாமை. கழிவும் பொஸ்பரசும் பொறி ஓடும் நேரத்தில் மட்டுமே வெளியேறுகின்றன.

ஐந்தாவது மருந்துச் சீட்டில் எழுதப்படாதது. வீட்டாரும் ஊராரும் செய்யவேண்டியது. கிணற்றடியிற் பாசியைச் சுரண்டுக. குளிக்குமிடத்திற் கைபிடிக்க ஒரு கம்பி நாட்டுக. படியருகில் இரவு விளக்கு வைக்க. சிகிச்சை நாளிற் கூடச்செல்ல ஒருவர் இருக்க. வைத்தியர் இசைவுடன் நாள்தோறும் சிறிது நடக்கத் துணைபுரிக.

2021இல் சீன நாட்டின் உதவியுடன் பொலன்னறுவையிற் சிறுநீரக நோய்க்கெனத் தனிப் பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கண்டி வைத்தியசாலையும் நெடுங்காலமாக இப்பணியை ஆற்றிவருகின்றது. நோயாளரை அவ்வாயில்வரை கொண்டுசேர்த்தலும், பத்திரமாக வீடு மீட்டலும் நம்மால் இயலும். உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் நல்ல நிலையிலுள்ள பழைய மாணவர் தத்தம் கிராமத்தில் ஒரு நோயாளியின் சிகிச்சை நாட்களுக்கு வண்டிச் செலவை ஏற்பாராயின், அதுவே இவ்விழாவிற்கு ஏற்ற நற்பணியாகும். மாணவரும் தம்மால் இயன்றதைச் செய்யலாம். பஸ்ஸில் ஏறும் அத்தகையோர் ஒருவர்க்கு இருக்கையை விட்டெழுதல் சிறு செயலே. ஆயினும் ஓர் என்பு முறியாமற் காப்பதற்கு அதுவே போதியதாதலும் கூடும்.