பானையும் வீடும்

சந்தையில் இரண்டு காசுப் பானை வாங்கினாலும் தட்டிப் பார்த்தே வாங்குகிறோம். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும்போதோ, சுவரின் வர்ணத்தைக் கண்டு மயங்கிக் கையொப்பமிட்டு விடுகிறோம். விந்தையன்றோ?

2014 ஜூன் 28-ந் தேதி, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழையிடையே சரிந்து, 61 உயிர்கள் மாண்டன. பார்வைக்கு அதுவும் கம்பீரமாகவே நின்றது.

வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் வீட்டின் உரிமையைச் சொல்லும். அதன் உடல்நிலையைச் சொல்லா. ஆகவே, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பொறியாளர் ஒருவரைக் கூலி கொடுத்தேனும் அழைத்துச் செல்வோமாக. நல்ல மழைக்கு மறுநாள் போவது உத்தமம். கசிவை அன்று எந்தப் பூச்சும் மறைக்காது. தூணிலும் உத்தரத்திலும் வெடிப்பு உண்டா, உள்ளே கம்பி துருவேறிக் காரை உப்பியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். சுவரைத் தட்டினால் பொள்ளலோசை எழுமாயின், பூச்சு பிடிப்பு விட்டதென்று அறியலாம்.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்திற்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை, தெரிவித்த 30 நாளில் கட்டியவரே தம் செலவில் நிவர்த்திக்க வேண்டும். அதற்கும் பழைய வீடாயின், முன்கூட்டிப் பார்க்கும் கண்ணே நமக்குக் காவல்.

பானை உடைந்தால் வேறு பானை வாங்கலாம், வீடு அப்படியா?