காதுக்குள் ஒரு சீழ்க்கை

ஓசையை அடக்குவதற்கென்று விலைகொடுத்து வாங்கிய கருவியே ஓசை எழுப்பத் தொடங்கினால் அதனை என்னவென்று சொல்வது! வேலியே பயிரை மேய்ந்த கதைதான். சென்ற தீபாவளியை அடுத்து எம் வீட்டில் அத்தகைய கதையொன்று நிகழ்ந்தது. அதனால் நாம் சிறிது அறிவும் பெரிதும் வெட்கமும் பெற்றோம். இவ்விரண்டையும் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையதாகும் என்று கருதியே இதனை எழுத முற்பட்டோம்.

நாம் மும்பையில் இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறோம். குடியிருப்பது டோம்பிவிலியில். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட சிறு வீடு. மேல்மாடியில் சுவரைத் துளைக்கும் பொறி, எதிர்வீட்டில் தொலைக்காட்சி, அடுப்பில் குக்கர், தெருவில் ஆட்டோ. இத்தனைக்கும் நடுவில் அமர்ந்துதான் பத்து வயதான எம் மகள், சங்கத்தார் வார இறுதியில் கைப்பேசி வழியே நடத்தும் தமிழ் வகுப்பில் பாடம் கேட்க வேண்டும். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் பயிலும் குழந்தைக்கு, தமிழெழுத்தோடு உறவு உண்டாவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அது கெடலாகாது என்றெண்ணி, பண்டிகையை ஒட்டிக் கிடைத்த போனஸ் தொகையில், இரைச்சலை நீக்கும் இயர்பட் ஒரு ஜோடி வாங்கினோம். கம்பி இல்லாமல் புளூடூத் வழியே இயங்குவது அது.

முதல் வகுப்பிலேயே குழந்தை அதனைக் கழற்றிவிட்டாள். "அப்பா, இடது காதுக்குள்ளே யாரோ விசில் அடிக்கிற மாதிரி கேக்குது" என்றாள். நாம் வாங்கி எம் காதில் வைத்துப் பார்த்தோம். விசில் ஏதும் இல்லை. மின்விசிறியின் இரைச்சலும் அடங்கிச் சுகமாகவே இருந்தது. ஆயினும் ஐயம் தீரக் கடைக்குக் கொண்டுசென்றோம். கடைக்காரரும் தம் காதில் வைத்துப் பார்த்து, "எல்லாம் சரியாகவே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுவாரமும் மகளிடமிருந்து அதே முறையீடு. அப்பொழுது நாம் சொன்ன சொல் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. "தமிழ் படிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு இயர்பட் மேல் பழி போடாதே" என்று கடிந்துகொண்டோம். குழந்தை வாய் திறக்கவில்லை. அன்று முதல் அதனை மாட்டிக்கொண்டே வகுப்பில் அமர்ந்தாள். அந்த விசிலை அமுக்குவதற்காக ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள் என்பது, இரு வாரங்கள் கழித்து அவள் தாய் தற்செயலாகக் கைப்பேசியைப் பார்த்தபொழுதுதான் தெரியவந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இதனைப் பேச்சோடு பேச்சாகக் கூறினோம். இரயில்வேயின் சிக்னல் பகுதியில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். செவித்துணைக் கருவி அணிபவர். அவர் புன்னகையுடன், "தம்பி, நீங்கள் உங்கள் காதில் வைத்துப் பார்த்தீர்கள், கடைக்காரர் தம் காதில் வைத்துப் பார்த்தார். குழந்தையின் காதில் இருக்கும்போது கேட்டவர் யார்?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை. மகளை அழைத்து இயர்பட்டை மாட்டிக்கொள்ளச் செய்து, எம்மை அவள் இடக்காதின் அருகே குனிந்து கேட்கச் சொன்னார். குனிந்தோம். ஊசிமுனை போன்ற மெல்லிய கீச்சொலி எம் காதிலும் விழுந்தது. பெரியவர் தம் உள்ளங்கையை அதன் அருகே குவித்தார், கீச்சொலி வலுத்தது. கையை எடுத்தார், தணிந்தது. "என் செவித்துணைக் கருவியும் காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் இவ்வாறுதான் கத்தும், ஐயா. குழந்தை பொய் சொல்லவில்லை" என்றார்.

அவர் விளக்கியதையும், பின்னர் நாம் தேடி அறிந்ததையும் சேர்த்து இங்கே கூறுகிறோம்.

ஒலி என்பது காற்றில் எழும் அலை. ஓர் அலை மேடாகும் இடத்தில் மற்றோர் அலை பள்ளமாகுமாறு சரியாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இக்கருத்துக்கு ஜெர்மானியரான பவுல் லூயக் என்பார் 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இதனைக் காதணி கருவியாக்கப் பெரிதும் பாடுபட்டவர் அமர் போஸ். அவருடைய தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். அமர் போஸ் பிலடெல்பியா நகரில் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில் பொம்மை இரயில்களையும் வானொலிப் பெட்டிகளையும் பழுதுபார்த்துக் கொடுத்து வந்தவர். 1978-ஆம் ஆண்டு சூரிச் நகரிலிருந்து விமானத்தில் திரும்புகையில், இயந்திர இரைச்சலால் இசை கேட்க இயலாமற்போகவே, இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். 1989-ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதே தத்துவம் நிலக்கடலை அளவேயுள்ள இயர்பட்டுக்குள் அடங்கிவிட்டது.

இதனுள் நுண்ணிய மைக்குகள் உள்ளன. ஒன்று வெளியோசையைக் கேட்கும். நல்ல கருவிகளில் மற்றொன்று காதுத் துவாரத்தினுள் எஞ்சிய ஓசையைக் கேட்கும். அவற்றிற்கு நேர்மாறான அலையை உள்ளிருக்கும் சிறு ஒலிபெருக்கி எழுப்பும். வினாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். 10,000 முறை அதிரும் கீச்சொலிக்கோ அது 3.4 சென்டிமீட்டர்தான். நீண்ட அலையில் இம்மியளவு தாமதம் நேர்ந்தாலும் பாதகமில்லை. குறுகிய அலையிலோ அதே தாமதத்தில் மேடு பள்ளமாகவும், பள்ளம் மேடாகவும் மாறிவிடும். அழிக்க வந்த அலை வளர்க்கும் அலையாகிவிடும். ஆகவேதான் இக்கருவி விசிறி, வண்டி, விமானம் ஆகியவற்றின் தாழ்ந்த உறுமலை அடக்க வல்லது. உயர்ந்த ஓசையைத் தடுப்பது பெரும்பாலும் காதை அடைத்திருக்கும் சிலிக்கான் முனையே.

அந்த முனை சரியாக அடைக்காவிட்டால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் ஒலிபெருக்கியின் ஓசை இடுக்கு வழியே கசிந்து வெளி மைக்கை அடையும். மைக்கு அதனை மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அது மீண்டும் கசியும். இவ்வாறு சுற்றிச் சுற்றி வளர்ந்து சீழ்க்கையாகும். நம் சங்க ஆண்டுவிழாவில் பேச்சாளர் மைக்கைப் பிடித்தவாறே ஒலிபெருக்கியின் முன்னே நடந்துவிட்டால் மண்டபமே காதைப் பொத்திக்கொள்கிறதல்லவா? அதே நிகழ்ச்சிதான் குழந்தையின் காதில் சிறு அளவில் நடந்திருக்கிறது.

வீடு திரும்பியதும் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தோம். அதன் அடியில் சிறியதும் பெரியதுமாக வேறு இரு ஜோடி முனைகள் இருந்தன. கருவியில் பொருத்தி வந்திருந்தது நடுத்தர அளவு. அது எம் காதுக்கும் கடைக்காரர் காதுக்கும் பொருந்திற்று. அதனால் எமக்கு ஓசை கேட்கவில்லை. மகளின் இடக்காதில் அது முழுதும் உள்ளே செல்லாமல் விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தது. சிறிய முனையை மாற்றியதும் விசில் நின்றுவிட்டது. வலக்காதுக்கு நடுத்தர அளவே போதியதாயிற்று. ஒருவருடைய இரு காதுகளும் ஒரே அளவினதாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

எல்லா வீடுகளிலும் காரணம் இதுவாகவே இராது. ஆதலின் ஆராயவேண்டிய முறையை வரிசையாகத் தருகிறோம்.

முதலாவதாக, அமைதியான இடத்தில் இயர்பட்டைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கழற்றிய பின்னும் ஓசை தொடருமாயின் குறை கருவியில் இல்லை. அது காதிரைச்சலாக இருக்கலாம். காது மருத்துவரைக் காண்பதே தக்கது. ஒரு காது திடீரென மந்தமாகி உடன் இரைச்சலும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும், நாள் கடத்தலாகாது.

இரண்டாவதாக, பாட்டோ பேச்சோ இல்லாதபொழுது இரைச்சல் நீக்கும் வசதியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அத்துடன் விசிலும் நின்றால் முன் கூறிய சுழற்சியே காரணம். வெளியோசையை உள்ளே விடும் வசதியிலும் இச்சுழற்சி நேர்வதுண்டு. பாட்டுக் கேட்கும்பொழுது மட்டும் கீச்சொலி எழுமாயின், வேறொரு கைப்பேசியுடன் இணைத்துப் பார்த்தால் குறை எதனிடம் என்பது விளங்கும். மழைத்தூறல் போன்ற மெல்லிய 'உஸ்' ஒலி பல கருவிகளுக்கு இயல்பானது. அதனைக் குறையாகக் கருதவேண்டியதில்லை.

மூன்றாவதாக, முனைகளை மாற்றிப் பாருங்கள். காதுக்குள் வைத்துச் சற்றே திருகி அமர்த்துங்கள். கருவிக்குரிய செயலியில் பொருத்தத்தைச் சோதிக்கும் ஏற்பாடு சிலவற்றில் உண்டு. தலைமுடி, துப்பட்டா, குல்லாய் முதலியன வெளி மைக்கை மூடினாலும் சீழ்க்கை எழும்.

நான்காவதாக, அழுக்கும் ஈரமும். காதுக் குறும்பி சன்னமான வலையை அடைத்துவிட்டால் உள் மைக்குக்குச் செவ்வையாகக் கேளாது. உலர்ந்த மென்மையான தூரிகையால் வலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துத் துடையுங்கள். ஊசியால் குத்துவதும், தண்ணீர் விடுவதும் கேட்டினை விளைக்கும். சிலிக்கான் முனைகளை மட்டும் தனியே கழற்றிக் கழுவி, நன்கு உலர்ந்த பின் மாட்டலாம். வியர்வையோ மழைநீரோ பட்டிருந்தால் பெட்டிக்குள் இட்டு மூடாமல், துடைத்துத் திறந்த வெளியில் ஓரிரவு உலரவிடுங்கள்.

ஐந்தாவதாக, கைப்பேசியின் புளூடூத் பட்டியலிலிருந்து கருவியை நீக்கி மீண்டும் இணையுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்திருப்பின் ஏற்றுக்கொள்ளுங்கள். கருவியை ஆதி நிலைக்குக் கொண்டுவரும் முறை உடன்வந்த தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

இவையனைத்தும் செய்தும் தீராவிடில் உள்ளுறுப்பில்தான் கோளாறு. அதனை நாமே பிரித்துப் பார்க்கலாகாது; உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றித் தரக் கோருவதே முறை. பெரிய நிறுவனங்களின் பொருளிலும் இத்தகைய குறை நேர்வதுண்டு. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனமே, அதற்கு முன் தயாரான ஏர்பாட்ஸ் புரோ கருவிகள் சிலவற்றில் கரகர ஒலி எழுவதை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. எனவே குறை கூறுவதற்கு யாரும் கூசவேண்டியதில்லை. கடைக்காரர் செவிசாய்க்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நம்போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு: விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது வாங்கிய பொருளாயினும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கும்பொழுதும் ஓர் எச்சரிக்கை தேவை. பெட்டியின்மேல் 'ஏ.என்.சி.' என்றிருந்தால் அணிபவருக்கு இரைச்சல் குறையும் என்று பொருள். 'இ.என்.சி.' என்று மட்டும் இருந்தால், நாம் பேசும்பொழுது எதிர்முனையில் இருப்பவருக்கு நம் பக்கத்து இரைச்சல் குறையும், நமக்குக் குறையாது. எழுத்து ஒன்றுதான் வேறு, ஏமாற்றமோ பெரிது.

விசிலை மறைக்க ஒலியளவை ஏற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது. குழந்தைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 75 டெசிபலுக்கு மிகலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ஒலி ஏற ஏறக் கேட்கத் தகுந்த நேரமும் விரைந்து சுருங்கும். இரயில்வே ஊழியர் என்ற முறையில் மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இக்கருவி சிறப்பாக அடக்குவது தாழ்ந்த உறுமலைத்தான். வண்டி வருவதை உணர்த்துவதும் அந்த உறுமலே. தண்டவாளத்தருகிலும் நடைமேடை விளிம்பிலும் அதனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்றிரவு நாம் மகளை அருகே அழைத்து, "அம்மா, நீ சொன்னதுதான் சரி, அப்பா தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றோம். அவள், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று மட்டும் கூறிவிட்டுப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மறுவார வகுப்பில் ஒலியளவு பாதிக்கும் கீழே இருந்தது. கருவிக்குப் பொருத்தமான முனை அட்டைப்பெட்டியிலேயே இருந்தது; பழுதுபார்க்க ஒரு காசும் செலவில்லை. குழந்தை முதல்முறை சொன்னபொழுதே அவள் காதருகே குனிந்து கேட்டிருந்தால் ஒரு மாத காலத் துன்பமும் இருந்திராது. உங்கள் வீட்டில் யாரேனும் "எனக்குக் கேட்கிறது" என்று சொன்னால், உங்கள் காதில் வைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் காதருகே சென்று கேளுங்கள்.