கிழக்கே கடல், மேற்கே ஏரி

மண்ணும் பத்திரமும் – 9

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு மனைக்குப் பத்திரம் எழுத உட்காருகிற எழுத்தருக்கு முதல் சிக்கல் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லையை எழுதுவதில், வரும். மற்ற ஊர்களில் கிழக்கே இன்னார் வீடு, மேற்கே தெரு என்று எழுதி முடித்துவிடலாம். இங்கே ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் மணல் மேட்டில் ஊர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி ஏறி வரும், கோடையில் வற்றிப் பின்வாங்கும். கடல் ஓரிடத்தில் கரையை அரிக்கும், இன்னோரிடத்தில் மணலைக் கொண்டுவந்து கொட்டும். ‘கிழக்கே கடல்’ என்று எழுதிய பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு டேப் பிடித்தால் கணக்கு உதைக்கும். எனவே இந்தக் கரையில் நான்கு எல்லையை மட்டும் நம்பி யாரும் மனை வாங்கக் கூடாது. சர்வே எண்ணும் உட்பிரிவும் புலப்படமும் கையில் இருக்க வேண்டும்.

சென்ற வாரம் பட்டாவைப் பற்றிப் பார்த்தோம். அது தாலுகா ஆபீஸ் சமாசாரம். இந்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் போவோம். நிலத்தின் கைமாற்றம் எங்கே ஏறுகிறது, ஏறியதை எப்படித் தேடுவது, தேடியும் கிடைக்காதவை எவை என்பதுதான் கேள்வி.

இந்தியா முழுமைக்குமான முதல் பதிவுச் சட்டம் 1864-இல் வந்தது. பல முறை மாற்றி எழுதப்பட்டு, இன்று நம்மை ஆள்வது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தை விற்றால் பத்திரம் கட்டாயம் பதிவாக வேண்டும். எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறுவது ‘1-ஆம் புத்தகம்’ எனப்படும் பதிவேட்டில். உயிலுக்கு 3-ஆம் புத்தகம். 1-ஆம் புத்தகத்துக்கு ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை உண்டு. கட்டணம் கட்டினால் இவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்கிறது 57-ஆவது பிரிவு. நமக்கு அதில் பங்கு இருக்கிறதா என்று எவரும் கேட்க முடியாது.

நாம் ‘ஈ.சி. போட்டுப் பார்ப்பது’ என்று சொல்வது இந்த அட்டவணையைத் தேடிச் சான்று வாங்குவதைத்தான். இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்த்துவிடலாம். ஆனால் குப்பத்தின் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பதிவேடு பேசுவது வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும். பல குப்பங்கள் வருவாய்க் கணக்கில் தனிக் கிராமமாக இல்லை, வேறொரு கிராமத்துக்குள் அடங்கியவை. பட்டாவில் என்ன கிராமப் பெயர் போட்டிருக்கிறதோ அதைப் பார்த்துத் தேட வேண்டும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் ஏராளமான சர்வே எண்கள் உட்பிரிவு ஆயின. 112/3 என்றிருந்தது 112/3ஏ, 112/3பி என்று பிரிந்திருக்கலாம் (உதாரணத்துக்குச் சொல்கிறேன்). புது எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாமல் போகும். பழைய எண், புது எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருந்தால், பழைய காலத்துக்கு அங்கேதான் மனுப் போட வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் பலரும் கடைசித் தேதியையும் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒரு பதிவை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஆவண எண், ஆண்டு. எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள். கிரயமா, அடமானமா, செட்டில்மென்டா, விடுதலையா என்ற தன்மை. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர். கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு. பிறகு ‘முந்தைய ஆவண எண்’. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் விடக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போனால் மூலப் பத்திரம் வரை போய்ச் சேரலாம். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், விற்றவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்ற கேள்வி பதிலில்லாமல் நிற்கும். அடமானம் இருந்து அதற்கு ரசீதுப் பத்திரம் இல்லையென்றால் கடன் தீர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வந்துவிட்டால் சொத்து சுத்தம் என்று நினைப்பது பெரிய தவறு. அந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த எண்ணில் எதுவும் பதிவாகவில்லை என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. பதியாத உயில், வாய்மொழிப் பாகப் பிரிவினை, பதியாத அக்ரிமென்ட் எதுவும் அதில் வராது. விற்கிறவர்தான் உரிமையாளரா என்று சார்பதிவாளர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் இல்லை. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டு விதி 55ஏ-இன் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. உரிமை மூலத்தை ஆராயும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை என்பதே அதன் காரணம். அமெரிக்காவின் கவுண்டி பதிவகங்களிலும் இதே கதைதான். அங்கே ஏடு அறிவிப்பு மட்டுமே, உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் உரிமை மூலத்துக்கே காப்பீடு எடுக்கிறார்கள். அரசே உரிமைக்குப் பொறுப்பேற்கும் டாரன்ஸ் முறை 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. நாம் அதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

உள்நாட்டு ஊரைவிடக் கடற்கரைக் குப்பத்தில், ஏட்டுக்கும் உண்மையான உரிமைக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகம். குடியிருப்பு பெரும்பாலும் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம். அதற்குக் கிரயப் பத்திரமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அனுபோகம் மட்டும் இருக்கும். வலை காயவைக்கிற மணலும் படகு ஏற்றுகிற கரையும் புறம்போக்குக் கணக்கில் கிடக்கும். பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு அரசு நிலத்தைத் தனியார் எழுதிப் பதிவதைத் தடுக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த முறையில் வலை கட்டலாம் என்பதை ஊரே கூடித் தீர்மானிக்கிற ‘பாடு’ முறை பழவேற்காட்டில் நெடுங்காலமாக உண்டு. பல குடும்பங்களுக்கு வீட்டைவிடப் பெரிய சொத்து அந்தப் பாடுதான். அதற்குச் சர்வே எண்ணும் இல்லை, 1-ஆம் புத்தகத்தில் இடமும் இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு இன்னொரு வகை உரிமை வந்தது. 2005 மார்ச்சில் வெளியான அரசாணை 172, புது வீட்டை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் கூட்டாகத் தரச் சொன்னது. கடலோரத்துப் பழைய மனையை விட்டுக்கொடுப்பது அதற்கான நிபந்தனை. அப்படிப்பட்ட வீட்டைக் கணவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க வந்தால் வாங்குகிறவர் உஷாராக இருக்க வேண்டும். ஒப்படைப்பு ஆணையை முழுதாகப் படித்த பிறகே அட்வான்ஸ் பேச வேண்டும்.

வில்லங்கச் சான்றில் எழுதாத மேலும் இரண்டு தடைகள் இந்தக் கரைக்கு உண்டு. ஒன்று, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. கிராமப்புறக் கரையில் மக்கள் அடர்த்தியைப் பொறுத்து உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் அல்லது 200 மீட்டர் வரை கட்டடம் கூடாத பகுதி. இன்னொன்று, தமிழ்நாட்டுப் பகுதியில் 1980-இல் அறிவிக்கப்பட்ட பழவேற்காடு பறவைகள் சரணாலயம். சரணாலய அறிவிக்கை வந்த எல்லைக்குள் வாரிசு வழியிலோ உயில் வழியிலோ தவிர வேறு எந்தப் புது உரிமையும் உண்டாகாது என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. ஆகவே இங்கே மனை வாங்க நினைப்பவர் சார்பதிவகத்தோடு நிறுத்தாமல் தாலுகா ஆபீஸ், வனத்துறை, கடலோர மண்டல வரைபடம் எல்லாவற்றிலும் சர்வே எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

குப்பத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏட்டில் ஏறாத உரிமையைத் துறைமுகம் வரும்போதும் சாலை வரும்போதும் எடுத்துச் சொல்வது கடினம். நத்தத்தில் இருப்பவர்கள் தோராயப் பட்டாவோடு நிற்காமல் தூய பட்டா வந்ததா என்று பாருங்கள். வீட்டு வரி, மின் இணைப்பு ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அனுபோகத்துக்குச் சாட்சி அவைதான். பத்திரம் உள்ளவர்கள், அது இறந்துபோன தகப்பனார் பெயரில் நின்றால், வாரிசுச் சான்று வாங்கிப் பாகப் பிரிவினையோ விடுதலையோ எழுதிப் பதிந்துவிடுங்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பத்திரம் கோர்ட்டில் போய் நிற்கும். இன்றைக்கு நாலு கையெழுத்தில் முடிகிற காரியம், ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் இருபது கையெழுத்து கேட்கும்.

(தொடரும்)