தறி இருக்கிறது, நூல் யாருடையது?

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியை அண்டி அமைந்துள்ள மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கு நெய்யப்படும் சாரங்களும் சேலைகளும் நாடெங்கும் அறியப்பட்டவை. வீட்டுத் தறிகளில் நெய்பவர் எவராயினும் நூல் சுற்றுவது, தார் போடுவது, பாவு ஓட்டுவதற்குத் துணைநிற்பது ஆகியவற்றிற் பெரும்பங்கு பெண்களுடையது. கூலி பேசும்போது மட்டும் இவ்வேலைகள் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

1970களின் முற்பகுதியில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கைத்தறிக்கு வாழ்வளித்தன. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் மலிவான ஆலைத்துணிக்கு வழிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது, தொழில்களையும் சிதைத்தது. 2022இல் ரூபாவின் வீழ்ச்சியோடு, வெளிநாட்டிலிருந்து வரும் நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறின.

இத்தனைக்கும் பின்னர் உதவி என்றால் தறி வழங்குவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தறி வழங்கும் வைபவத்திற் படம் பிடிக்கலாம். நூல் வாங்குவதற்கான கைமுதலைப் படம் பிடிக்க முடியாது. கைமுதல் இல்லாத பெண் வியாபாரியிடம் நூலைப் பெறுகிறார், நெய்கிறார், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். நூல் அவருடையதன்று, ஆகவே துணியும் அவருடையதன்று, விலை சொல்லும் உரிமையும் அவருக்கில்லை. வியாபாரியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. விற்காத துணியின் நட்டத்தைச் சுமப்பவரும் அவரே.

இந்த முடிச்சை அவிழ்த்த அனுபவம் ஒன்று இந்தியாவின் அகமதாபாத்தில் உண்டு. அந்நகரின் தரியாப்பூர்ப் பகுதி முஸ்லிம் பெண்கள், ஆலைகளிற் கழிக்கப்படும் துண்டுத் துணிகளைக் கொண்டு வீட்டிலிருந்தே மெத்தை விரிப்புகள் தைத்து வந்தனர். துணியைக் கொடுப்பவரும் வியாபாரி, விரிப்பை வாங்குபவரும் வியாபாரி. இலா பட் அம்மையார் 1972இல் நிறுவிய 'சேவா' சங்கத்தில் இணைந்து அவர்கள் கூலி உயர்வு கேட்டபோது, வேலையே மறுக்கப்பட்டது. அதன் பின்னரே துண்டுத் துணியை ஆலையிலிருந்து நேரடியாகப் பெற்று, 'சபீனா' என்னும் கூட்டுறவின் வழியே தாமே விற்கத் தலைப்பட்டனர். ஊசியும் கைத்திறனும் முன்பும் அவர்களிடம் இருந்தன. கைமாறியது மூலப்பொருள்தான்.

அதே சங்கத்தின் பெண்கள் நாலாயிரம் பேர் தலைக்குப் பத்து ரூபா போட்டு 1974இல் தமக்கென வங்கியொன்றை அமைத்தனர். அதன் பொருட்டுக் கையொப்பமிடப் பழகிய பெண்கள் பலர். கைவினைப் பெண்களுக்கான கல்வி என்று நாம் பேசும்போது நினைவிற் கொள்ள வேண்டியது இதனையே. ஒரு சாரத்துக்குச் செல்லும் நூல், சாயம், நாட்கள் ஆகியவற்றைத் தாமே எழுதி, அடக்கவிலையைக் கணக்கிடத் தெரிந்த பெண்ணிடம் பேரம் பேசுவது எளிதன்று.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1991இல் குருநாகலில் தொடங்கிய 'செலின்' நிறுவனம், நியாய வர்த்தக நெறிப்படி பெண் நெசவாளரின் துணிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகிறது. உலக நியாய வர்த்தக அமைப்பின் நெறி, கைவினைப் பொருளுக்குக் கட்டளை இடுபவர், உற்பத்தியாளர் கேட்டால், விலையிற் பாதியையேனும் வட்டியின்றி முன்பணமாகத் தரவேண்டும் என்கிறது. வட்டியை விலக்க விரும்பும் நம் குடும்பங்களுக்கு இதன் பெறுமதி புரியும். நுண்கடன் தவணைக்கு அஞ்சி வாழும் பெண்கள் கிழக்கில் எத்தனை பேர் என்பதை நாம் அறியாதவர்களல்லர்.

கரையோரத்தின் தென்பகுதியில், அறுகம்பையில், பாவித்த அரிசிப் பைகளிலிருந்து கைப்பைகள் தைக்கும் சமூக நிறுவனமொன்றும் உள்ளூர்ப் பெண்களுக்குத் தொழில் தந்தது. உல்லாசப் பயணிகளின் சந்தை அங்கேயே உண்டு. மருதமுனைத் துணிக்கு அச்சந்தை எழுபது கிலோமீற்றர் தொலைவுதான். ஆயினும் சாரத்தை மட்டும் நெய்து அங்கே செல்ல முடியாது. மேசைவிரிப்பு, தோள்துண்டு, பை என வாங்குபவரின் தேவைக்கேற்ப நெய்ய வேண்டும். அதற்கு வடிவமைப்பாளரின் உதவி தேவை.

கல்முனைப் பிரதேசத்தின் பள்ளிவாசல் நிருவாகங்கள், மாதர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் என்பன ஒன்றுசேர்ந்தால் நூல் வங்கி ஒன்றை அமைப்பது பெருங்காரியமன்று. நூலை மொத்தமாக வாங்கி, துணி விற்றபின் நூலின் விலையை மட்டும் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நோன்புப் பெருநாள் விற்பனைக்கான நெசவு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். நூல் அதற்கு முன் வீடு வந்து சேரவேண்டும்.