வடாலா உப்பளம், 1930

உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதான சில நாட்களில், 1930 மே மாதம், சத்தியாகிரகிகள் மும்பையின் வடாலா உப்புக் கிடங்குகளுக்குள் அலை அலையாக நுழைந்தனர். மே 18 அன்று நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். ஜூன் 1 அன்று திரண்ட கூட்டம் ஏறத்தாழ 15,000. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் எல்லோரும் போலீஸ் தடுப்பை மீறி, சேற்றில் இறங்கிப் பாத்திகளுக்கு ஓடினர். கைக்குக் கிடைத்த உப்பை அள்ளினர். தடியடி விழுந்தது. குதிரைப் போலீசார் கூட்டத்துக்குள் பாய்ந்தனர்.

அரசு இதைக் கொள்ளை என்றது. மக்களோ, தங்கள் கடல் தந்த உப்புக்கு வரி கேட்டவர்களே கொள்ளையர் என்றனர். மக்கள் சொன்னதே நியாயம்.

தண்டி, தராசணா என்றால் நாடே அறியும். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அதே ஆண்டு ஏப்ரலில் உப்பு அள்ளிய வேதாரண்யத்தைத் தமிழர் மறக்கவில்லை. அடி வாங்கியதில் குறையாத வடாலாவுக்குப் பாடநூலில் ஒரு பத்தி கிடைப்பதே அரிது. இங்கே அடிபட்டவர்களில் பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் ஏறவில்லை.

உப்பு வரி 1947-இல் நீங்கியது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களில் 1930-இன் அந்த நாட்களின் படமோ கடிதமோ கேட்ட கதையோ இருந்தால், தயவுசெய்து பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.