யுனிவர்சல் கிரெடிட் கம்ப்ளையன்ஸ் இன்டர்வியூ: லெட்டர் வந்தால் என்ன செய்வது?



கொஞ்ச நாளைக்கு முதல் ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு போன் எடுத்தான். லண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சம்பள வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது என்பதால் யுனிவர்சல் கிரெடிட்டும் எடுக்கிறான்.

"அண்ணா, டிடபிள்யூபியில இருந்து லெட்டர் வந்திருக்கு. கம்ப்ளையன்ஸ் இன்டர்வியூவாம். சீட்டுக் காசு பாங்கில கிடக்கு. சிநேகிதன் தந்த கடன் எண்டு சொல்லட்டோ?"

"முதல்ல கணக்கைப் பார்ப்பம். கதை பிறகு" என்றேன்.

அவனுடைய கணக்கு இதுதான். கணவன், மனைவி இருவரின் சேமிப்பும் சீட்டுக் காசும் சேர்த்து 9,000 பவுண்ஸ். ஐந்து மாதமாக அப்படியே கிடக்கிறது. அதை அவன் அறிவிக்கவில்லை.

விதி என்ன? சேமிப்பு 6,000 பவுண்ஸ் வரை இருந்தால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்ஸுக்கும் (அதன் ஒரு பகுதிக்கும்) மாதம் 4.35 பவுண்ஸ் வருமானம் வந்ததாகக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். 16,000ஐத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட்டே கிடையாது. தம்பதிக்கும் இதே எல்லைதான், இரட்டிப்பு இல்லை.

9,000இல் 6,000 போக 3,000. அதில் பன்னிரண்டு 250கள். மாதம் 52.20 பவுண்ஸ். ஐந்து மாதத்துக்கு 261 பவுண்ஸ்.

இவ்வளவுதான் அவன் திருப்பிக் கட்ட வேண்டியது. கவனயீனத்துக்காக 50 பவுண்ஸ் சிவில் பெனால்டி போட்டாலும் 311. இதற்காக இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறான்.

சரி, அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால்? முதலாவது, அது உதவியே இராது. கடன் வாங்கிய காசும் உங்கள் கணக்கில் கிடந்தால் உங்கள் சேமிப்பாகத்தான் எண்ணப்படும். இரண்டாவது, தவறு மோசடியாக மாறுகிறது. நீதிமன்றத்துக்குப் பதிலாக நிர்வாக அபராதம் கேட்டாலே, கூடுதலாகப் பெற்ற தொகையில் பாதி, குறைந்தது 350 பவுண்ஸ். அதாவது 261க்கு மேல் இன்னொரு 350. வழக்கு வைத்தால் வேலை, குடியுரிமை விண்ணப்பம் எல்லாவற்றிலும் கை வைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: இன்டர்வியூவுக்குத் தயாராவது என்றால் பதில் தயாரிப்பது இல்லை, கணக்குத் தயாரிப்பது.

இது என்ன மாதிரி இன்டர்வியூ?

லெட்டரை முழுக்க வாசியுங்கள். கம்ப்ளையன்ஸ் இன்டர்வியூ என்பது உங்கள் விவரங்கள் சரியா என்று பார்ப்பது. போனிலோ ஜொப்சென்டரிலோ நடக்கும். "இன்டர்வியூ அண்டர் கோஷன்" என்று லெட்டரில் இருந்தால் கதை வேறு. அது குற்ற விசாரணை. நீங்கள் சொல்வது பதிவு செய்யப்படும், நீதிமன்றத்தில் சாட்சியாக வரலாம். சட்டத்தரணி இல்லாமல் அதற்குப் போகவே வேண்டாம்.

எதுவாக இருந்தாலும் லெட்டரைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். பதில் இல்லை என்றால் காசை நிறுத்தி வைப்பார்கள். அந்த நாள் ஷிஃப்ட் இருந்தால் போன் எடுத்து வேறு நாள் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஸ்டேட்மென்டை நீங்கள் முதலில் வாசியுங்கள்

லெட்டரில் கேட்ட மாதங்களுக்கு, எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் எடுங்கள். மனைவியின் கணக்கு, பிள்ளையின் பெயரில் நீங்கள் நடத்தும் கணக்கு, மொன்சோ, ரெவலூட், எல்லாம்தான். ஒரு பேனை எடுத்து, சம்பளம் தவிர்ந்த ஒவ்வொரு வரவையும் வட்டமிடுங்கள். சம்பளத்தை வேலைத்தலம் எச்எம்ஆர்சிக்கு அனுப்பும்போதே அது டிடபிள்யூபிக்குத் தெரிந்துவிடும். கேள்வி வருவது மற்ற வரவுகளில்தான்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் தந்தது, எதற்கு, என்ன ஆதாரம். ஆதாரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் மெசேஜ், ரசீது, தந்தவரின் ஸ்டேட்மென்டில் ஒரு பக்கம். அதோடு பேஸ்லிப்கள், வாடகை ஒப்பந்தம், அடையாள ஆவணம், பிள்ளைப் பராமரிப்பு ரசீது ஆகியவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள்.

எங்கட ஆட்கள் மாட்டுப்படும் ஐந்து இடங்கள்

1. சீட்டு. எடுத்த காசு கணக்கில் கிடக்கும் வரை அது சேமிப்பு. "இன்னும் பத்து மாதம் கட்ட இருக்கு" என்பதற்காக அதைக் கழிக்க மாட்டார்கள். சீட்டுக் கொப்பியின் படத்தை வைத்திருங்கள்.

2. மற்றவரின் காசு. மச்சான் தன் காசை உங்கள் கணக்கில் போட்டு வைத்திருந்தால் அது உங்கள் சேமிப்பு இல்லை. ஆனால் அவருடையது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

3. ஊரில் காணி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சீதனமாக மனைவி பெயரில் எழுதிய காணியும் கணக்கில் வரும். அங்கத்தைய சந்தை விலையில், விற்கும் செலவுக்கு 10 சதவீதமும் அதன் மேல் உள்ள அடமானமும் கழித்துப் பார்ப்பார்கள். ஓய்வூதிய வயதைக் கடந்த நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீடு என்றால் அதைச் சேர்க்காமல் விட விதி உண்டு. அம்மா அப்பா இருக்கும் வீடு என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

4. ஊருக்குக் காசு அனுப்புவது. மாதம் 100 பவுண்ஸ் அம்மாவுக்கு அனுப்புவது குற்றம் இல்லை. ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டுக்காகப் பெரிய தொகையைத் தங்கச்சி பெயருக்கு மாற்றினால், அந்தக் காசு இன்னும் உங்களிடம் இருப்பதாகவே எண்ணுவார்கள். உண்மையான கடனை அடைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

5. ஊருக்குப் போனது. பொதுவாக ஒரு மாதம் வரைதான் வெளிநாட்டில் நிற்கலாம், அதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நெருங்கிய உறவினர் இறந்தால் இன்னும் ஒரு மாதம் வரை நீட்டக் கேட்கலாம். டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

கணக்கைப் பார்க்கும்போது அறிவிக்காத ஒன்று அகப்பட்டால், இன்டர்வியூ வரை காத்திருக்காதீர்கள். ஒன்லைன் ஜேர்னலில் உடனே எழுதுங்கள். ஆனால் விஷயம் பெரிது என்றால், உதாரணமாகக் கடையில் கைக்காசுக்கு நெடுநாள் செய்த வேலை, சேர்ந்து வாழும் துணையைச் சொல்லாதது, முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ சட்டத்தரணியிடமோ போங்கள். யூடியூப்பும் நானும் அதற்குப் போதாது.

அன்றைக்கு எப்படிப் பேசுவது?

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஞாபகம் இல்லை என்றால் "ஞாபகம் இல்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். ஊகித்துச் சொன்ன திகதிதான் பிறகு பொய்யாகத் தெரியும். அதிகாரியின் பெயர், நேரம், கேட்ட ஆவணங்கள், கடைசித் திகதி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

முடிவு பிழை என்றால்?

கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் "மேண்டட்டரி ரீகன்சிடரேஷன்" கேட்கலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் ட்ரிப்யூனலுக்குப் போகலாம். ஒன்றை மட்டும் தெரிந்து வையுங்கள்: யுனிவர்சல் கிரெடிட்டில் பிழை அவர்களுடையதாக இருந்தாலும் கூடுதலாகத் தந்த காசைத் திருப்பிக் கேட்கலாம். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் விசாவில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" என்று இருந்தால் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். விசாவுக்கே ஆபத்து.

அந்தத் தம்பி மறுநாளே ஜேர்னலில் எழுதினான். இன்டர்வியூவில் சீட்டுக் கொப்பியைக் காட்டினான். 261 பவுண்ஸை மாதாமாதம் கழிக்கிறார்கள். பிறகு போன் எடுத்து, "அண்ணா, கதை சொல்லியிருந்தா அதை ஞாபகம் வைச்சிருக்கிறதே பெரிய வேலையா இருந்திருக்கும்" என்றான்.

சேமிப்புக் கணக்கைப் பார்க்கும் முறையை வீடியோவில் படிப்படியாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். ஆனால் தயவுசெய்து நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரையும் பாங்க் விவரத்தையும் அங்கே எழுதிவிடாதீர்கள்!