ஆறு மணி நேரத் தூக்கமும் மறதிநோயும்

ஆறு மணி நேரம்தான் தூங்குகிறவர்களுக்கு முதுமையில் மறதிநோய் வருமா? அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு ஊற்று, பிரிட்டன் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு. அதன் முடிவு 2021இல் வெளியானது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல். நூற்றில் முப்பது பேருக்கு வரும் என்று இதற்குப் பொருளல்ல. அத்தனை பேரிலும் நோய் கண்டது 521 பேருக்குத்தான்.

தூக்கம் குறைந்ததால் நோயா, நோய் தொடங்கியதால் தூக்கம் குறைந்ததா என்பதே இதில் முதன்மையான சிக்கல். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமரின் மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் தொடங்கிவிடும். 50 வயதுத் தூக்கமே கணக்கில் வந்திருப்பதால் முதல் விளக்கத்துக்கு வலு சற்றுக் கூடுகிறது, அவ்வளவே.

தூங்கும்போது மூளைச் செல்களுக்கு இடையிலான வெளி அகன்று, அல்சைமரில் மூளையில் படியும் அமைலாய்டு என்னும் கழிவுப் புரதம் வேகமாக வெளியேறுகிறது என்று 2013இல் மைக்கென் நெடர்கார்டின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு எலிகளில் காட்டியது. ஒரே ஓர் இரவு கண்விழித்த 20 பேரின் மூளையில் அமைலாய்டு கூடியிருந்ததை 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, தூங்கும் எலிகளில் மூளையிலிருந்து வெளியேற்றம் குறைவதாக நேர்மாறாகச் சொன்னது. ஆக, தூக்கம் மூளையைக் கழுவுகிறது என்று அடித்துச் சொல்வோருக்கு எலிகளே இன்னும் ஒத்துழைக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளிலும் தூக்கம் இல்லை. காது கேளாமை இருக்கிறது. காரணம் எது, விளைவு எது என்பது தீராததே தூக்கம் விடுபட்டதற்கும் பின்னணி.

இடையில் கைக்கடிகாரங்கள் வேறு தூக்கத்துக்கு மதிப்பெண் போடுகின்றன. ஆழ்தூக்கத்தை முறையாக அளப்பது மூளை மின் அலைப் பதிவு. கடிகாரமோ கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. பள்ளியோடு ஒழிந்த மதிப்பெண் கவலை படுக்கையறைக்குத் திரும்பியதுதான் மிச்சம்.

பயன்படுபவை சில. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. விடுமுறை நாளிலும் எழும் நேரம் மாறாதிருப்பது நல்லது. மாலை நான்கு மணிக் காபியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு ஒன்பதுக்கும் உடலில் இருக்கும். மூச்சு நின்று நின்று வரும் பலத்த குறட்டைக்கு மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை வேண்டும். காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி போன்ற சிகிச்சைகள் உள்ளன. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கித் தொடர்வது இவற்றுக்கு மாற்றல்ல.